அரிசி சேருமுன் எடுத்து வையுங்கள்

(மதுரையில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் உணவியல் ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐந்து பேர் உள்ள ஒரு வீடு. அதில் ஒருவருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. மருத்துவர் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார். அதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். நாள்தோறும் மூன்று வேளை அதைச் செய்து காட்ட வேண்டியவரோ பெரும்பாலும் மருத்துவரின் அறையில் இருப்பதில்லை. வீட்டில், அடுப்படியில் இருக்கிறார். எந்த அளவு, எதற்குப் பதில் எது என்று எதுவும் அவர் காதில் விழுந்திருக்காது. "டாக்டர் சோறு சாப்பிடக் கூடாதுன்னுட்டார்" என்ற ஒரு வரி மட்டும் வீடு வந்து சேரும்.

முதல் வாரம் வீடே முனைப்பாக இருக்கும். அவருக்கென்று தனியாக ஒரு சட்டி ஏறும். காலையில் மற்றவர்களுக்கு இட்லி, அவருக்குத் தனியாக ஒன்று. மதியம் மற்றவர்களுக்குச் சாம்பாரும் சோறும், அவருக்குத் தனியாக ஒன்று. ராத்திரியும் அப்படியே. மூன்றாவது வாரத்தில் சமைப்பவர் களைத்துப் போகிறார். சாப்பிடுகிறவரும் கூச்சப்படுகிறார். "எனக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம், இருக்கிறதையே போடு" என்கிறார். அதோடு டயட் முடிந்தது. மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இந்தக் கதையைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நாக்கை அடக்க முடியாமல் டயட்டை விட்டவர்களைவிட, இரண்டாவது சட்டியைத் தாங்க முடியாமல் விட்ட வீடுகள் அதிகம்.

அதனால் இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒருவருக்காகத் தனிச் சமையல் செய்யாதீர்கள். எல்லாருக்கும் ஒரே சமையல் செய்யுங்கள். ஆனால் அதில் அரிசியோ ரவையோ மாவோ புளிக்கரைசலோ சேருவதற்கு முன்பு அவருடைய பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். இதை எப்படிச் செய்வது என்று விளக்கமாகவே சொல்கிறேன். அதற்கு முன் மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இதைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

இன்சுலின் போடுகிறவர்கள், கிளைமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று சோற்றைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சோற்றுக்குக் கணக்குப் போட்டுத்தான் அந்த மருந்தின் அளவு எழுதப்பட்டிருக்கிறது. டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைத்தால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் மிகுந்து, மருத்துவமனையில் சேர்க்கும் நிலைகூட வரலாம். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது. கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். எனவே சமையலை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிவிட்டுப் பிறகு போய்ச் சொல்வது சரியல்ல.

மாவுச்சத்தைக் குறைப்பது இன்று வந்த யோசனை இல்லை. 1863-இல் லண்டனில் வில்லியம் பேண்டிங் என்பவர், தன் மருத்துவரின் சொல்படி ரொட்டி, சர்க்கரை, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டு உடல் இளைத்ததை ஒரு சிறு நூலாக எழுதினார். 1921-இல் டொரண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு சர்க்கரை நோய்க்கு மருத்துவர்களின் கையில் இருந்த ஒரே வழி உணவைக் குறைப்பதுதான். நம் ஊரில் 'பேலியோ' என்ற பெயரில் இது வீடு வீடாகப் பேசப்பட்டது இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான். பெயர்கள் பல இருக்கின்றன. எவ்வளவு குறைக்கிறோம் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து என்றால் பொதுவாக அதைக் குறைந்த மாவுச்சத்து உணவு என்கிறார்கள். 50 கிராமுக்கும் கீழே போனால் அது கடுமையான வகை. நான் பேசுவது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றி.

130 கிராம் என்பது நம் சாப்பாட்டில் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். 100 கிராம் வெந்த சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தரம் சோறு வாங்கும் ஆண் ஒருவர் 350 கிராம் சோற்றைச் சிரமமில்லாமல் சாப்பிட்டுவிடுவார். ஒரே வேளையில் 100 கிராமை ஒட்டி வந்துவிட்டது. காலையில் நான்கு இட்லி என்றால் 40 கிராமாவது இருக்கும். இரண்டு வேளைத் தேநீர்ச் சர்க்கரையும் மாலை பிஸ்கட்டும் தனிக் கணக்கு. ராத்திரிச் சாப்பாடு இன்னும் வரவே இல்லை.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. டாக்டர் வி. மோகன், டாக்டர் ஆர்.எம். அஞ்சனா ஆகியோரின் குழு அதை வழிநடத்தியது. 2023-இல் வந்த அதன் முடிவுப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. புதிதாக நோய் கண்டவர்கள் அதை 49 முதல் 54 விழுக்காட்டுக்குக் குறைத்து, புரதத்தை 20 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தினால் நோய் தணிய வாய்ப்பு உண்டு என்று 2022-இல் அந்தக் குழு கணக்கிட்டுச் சொன்னது. நோய் வரும் விளிம்பில் இருப்பவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே அளவைத்தான் சொல்கிறார்கள்.

இதைச் சமைப்பவர் கண்ணால் பாருங்கள். டயட்டில் இருப்பவர் ஒருவர் மட்டும் வேறு திசையில் போகவில்லை. அவர் போக வேண்டிய வழியில் பாதித் தூரம் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாருமே வர வேண்டியிருக்கிறது. பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே சமையலின் அடிப்படையை மாற்றினால் அது அவர் ஒருவருக்கான சலுகை ஆகாது.

சரி, அடுப்படிக்கு வருவோம்.

நம் மதியச் சமையலில் குழம்பு என்பது சோற்றை நினைத்துச் செய்யப்பட்டது. அதன் உப்பு, புளி, காரம் எல்லாமே ஒரு கை சோற்றுக்கு ஒரு கரண்டி என்ற கணக்கில் இருக்கும். சோற்றை எடுத்துவிட்டு அதே குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தால் யாராலும் குடிக்க முடியாது. வத்தக்குழம்பை அப்படிக் கொடுத்துப் பாருங்கள், நாக்கு வெந்துபோகும். "சோறில்லாம ஒண்ணும் இறங்க மாட்டேங்குது" என்று டயட்டில் இருப்பவர்கள் சொல்வதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் உள்ளதைச் சொல்கிறார்கள். சோற்றுக்காகச் செய்த ஒன்றைச் சோறில்லாமல் சாப்பிடச் சொல்கிறோம், அது இறங்காது.

ஆனால் நம்மிடம் சோறில்லாமலே சாப்பிடக்கூடிய பதத்தில் ஏராளமான பண்டங்கள் இருக்கின்றன. கூட்டு, பொரியல், அவியல், உசிலி, கீரை மசியல், சொதி, பச்சடி, சுண்டல், வறுவல். இவற்றில் உப்பும் காரமும் மட்டாக இருக்கும். தேங்காயோ பருப்போ தயிரோ சேர்ந்து வயிற்றை நிரப்பும். இலையில் இவை ஓரத்தில் நிற்கின்றன, சோறு நடுவில் நிற்கிறது. நாம் செய்ய வேண்டியது இடத்தை மாற்றுவது மட்டும்தான்.

சாம்பார் வைக்கிறீர்கள். பருப்பு வெந்துவிட்டது, சுரைக்காயோ முள்ளங்கியோ அவரைக்காயோ தனியாக வெந்துகொண்டிருக்கிறது. புளியைக் கரைத்து ஊற்றுவதற்கு முன்பு ஒரு நிமிடம் நில்லுங்கள். வெந்த காயில் பாதியை, கொஞ்சம் பருப்போடு, ஒரு சின்ன வாணலிக்கு மாற்றுங்கள். இரண்டு கை தேங்காய்த் துருவல், அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு பச்சை மிளகாய் அரைத்து அதில் விடுங்கள். ஒரு கொதி வந்ததும் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளியுங்கள். கூட்டு தயார். மிச்சத்தில் புளியும் பொடியும் போனால் அது சாம்பார். ஐந்து நிமிடம் கூடுதல், அவ்வளவுதான். காய் நறுக்கியது ஒரே தடவை, குக்கர் வைத்ததும் ஒரே தடவை. அந்தக் கூட்டைப் பிள்ளைகளும் சோற்றோடு தொட்டுக்கொள்ளலாம். டயட்டில் இருப்பவர் அதைக் கிண்ணம் நிறையச் சாப்பிடலாம்.

பருப்பு உசிலியை நான் மிகவும் பரிந்துரைப்பேன். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஊறவைத்து, காய்ந்த மிளகாய், பெருங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் வேகவைத்து உதிர்த்து, பீன்ஸோடும் கொத்தவரங்காயோடும் வாழைப்பூவோடும் வதக்குகிறோம். மற்றவர்களுக்கு மோர்க்குழம்புச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும், ஒருவருக்கு அதுவே சாப்பாடாகும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பருப்பிலும் மாவுச்சத்து உண்டு. உலர்ந்த துவரம்பருப்பில் பாதிக்கு மேல் அதுதான். ஆனால் கூடவே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் இருக்கிறது. அதனால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டியவருக்குப் பருப்பு பொருந்தாது. 130 கிராம் வரை போகலாம் என்றால், அளவாகப் பொருந்தும். இந்த வேறுபாடு தெரியாமல் யாரோ ஒருவருடைய டயட் அட்டையைப் பார்த்து இன்னொருவர் பருப்பை விடுவதும் சாப்பிடுவதும் வேண்டாம்.

அசைவம் சமைக்கும் வீடுகளில் வேலை இன்னும் எளிது. மீன் குழம்பு வைக்கும்போது புளி சேருமுன் எடுக்க முடியாது, ஏனென்றால் மீன் புளியில்தான் வேகிறது. அந்த நாளில் நாலு துண்டை மசாலா தடவித் தோசைக்கல்லில் வறுத்துவிடுங்கள். மொறுமொறுப்புக்காக அரிசி மாவோ சோள மாவோ தூவ வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்றால் கறி மசாலாவில் வெந்த பிறகு, அரிசி போடும் முன்பு, ஒருவருக்கான கறித் துண்டுகளையும் கெட்டி மசாலாவையும் எடுத்து வைத்துவிடுங்கள். வெங்காயத் தயிர்ப் பச்சடி இரண்டு மடங்கு செய்யுங்கள். அதே வாசனை, அதே கறி, அதே பந்தி. பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சாப்பிடுகிறார். அவருக்கு மட்டும் தனியாக வெறும் வேகவைத்த கோழி வைத்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பல டயட்டுகள் முறிந்திருக்கின்றன.

உப்புமா கிண்டும்போதும் இதே முறை. வெங்காயம், கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் தாராளமாக வதக்குங்கள். தண்ணீர் ஊற்றி ரவை போடும் முன் பாதிக் காயை எடுத்து, அதில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிப் பொரியுங்கள். சைவம் என்றால் பனீரை உதிர்த்துப் போடுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. காய் நிறைய வேண்டும். நாலு பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் வாங்கிப் பொரியல் செய்யும் பழக்கத்தில் இது நடக்காது. முக்கால் கிலோ வேண்டும். புடலங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளைப் பூசணி, சௌசௌ, வெண்டை, கத்தரி, முட்டைக்கோஸ், கீரை வகைகள் எல்லாம் ஒரு பக்கம். உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய் மறு பக்கம். இரண்டாவது பக்கம் காய் என்ற பெயரில் வரும் மாவுச்சத்து. காலிஃபிளவரைத் துருவி, தண்ணீர் ஊற்றாமல் அகன்ற வாணலியில் சற்று வதக்கினால் சோறு போலப் பிசைந்து சாப்பிட வரும். ரசத்துக்குப் பரவாயில்லை, எலுமிச்சைச் சோறு தாளிப்புக்கு நன்றாகவே ஒத்துப்போகும். தினமும் செய்ய அது சலிப்பு. வாரம் ஒரு முறை போதும்.

மதியத்தைவிடக் கடினமானது காலையும் ராத்திரியும். நம் டிபன் எல்லாமே மாவு. அரைத்த மாவு வீட்டில் இருந்தால் சமைப்பவருக்கு அது பெரிய நிம்மதி. அந்த நிம்மதியைப் பறிக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். தோசை ஊற்றும் ராத்திரியில் அவருக்கு ஒரு சின்னக் கரண்டி மாவை மெல்லிசாகப் பரப்பி, அதன்மேல் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, வெங்காயம், மிளகுத்தூள் தூவிக் கொடுங்கள். அதே கல், அதே சட்னி. முட்டை சேர்க்காதவர்களுக்கு முழுப் பச்சைப்பயற்றை ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய் சேர்த்து அரைத்துப் பெசரட்டு. அரிசி சேர்க்காமலே அது கல்லில் நன்றாக எடுக்க வரும். அடைக்கு ஊறப்போடும்போது அரிசியைக் கால் பங்காகக் குறைத்துப் பருப்புகளை முக்கால் பங்காக ஆக்கினால் வீடு முழுக்க அதையே சாப்பிடலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

இங்கே இரண்டு நம்பிக்கைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவற்றால் நல்ல மனிதர்கள் வருடக்கணக்கில் ஏமாந்துகொண்டிருக்கிறார்கள். ராத்திரி சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் டயட் என்பது ஒன்று. 30 கிராம் கோதுமை மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து. நான்கு சப்பாத்தி சாப்பிட்டு, உருளைக்கிழங்குக் குருமாவும் தொட்டுக்கொண்டவர் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டவரைவிட ஒன்றும் குறைக்கவில்லை. இன்னொன்று சிறுதானியம். கேழ்வரகு, தினை, சாமை, குதிரைவாலி எல்லாம் நல்ல உணவுகள்தான். அவற்றில் நார்ச்சத்தும் தாதுக்களும் உண்டு. ஆனால் 100 கிராம் தானியத்தில் 60 முதல் 80 கிராம் மாவுச்சத்து என்ற எல்லைக்குள்தான் அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாமே நிற்கின்றன. நான் முன்பு சொன்ன அதே ஆய்வுக் குழு 2025-இல் வெளியிட்ட கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசியை விட்டுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற புரதத்தை வைத்தவர்களிடம்தான் மாற்றம் தெரிந்தது. வெள்ளைச் சர்க்கரையை விட்டுக் கருப்பட்டிக்கோ தேனுக்கோ நாட்டுச் சர்க்கரைக்கோ மாறுவதும் இதே கணக்கில்தான் வரும். கேழ்வரகுக் களியை நான் குறை சொல்லவில்லை. ஒரு உருண்டையோடு நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் கீரையும் கருவாடும் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சாப்பிடும் வரிசையை மாற்றினாலும் பலன் உண்டு. 2015-இல் நியூயார்க்கில் அல்பனா சுக்லா என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஒரு சிறு சோதனை செய்தார்கள். பங்கேற்றவர்கள் 11 பேர்தான். அதே காய், அதே கோழி, அதே ரொட்டி. ஒரு நாள் ரொட்டியை முதலிலும் இன்னொரு நாள் கடைசியிலும் சாப்பிட வைத்தார்கள். காயும் கறியும் முதலில் போன நாளில் சாப்பாட்டுக்குப் பிறகான சர்க்கரை வெகுவாகக் குறைந்திருந்தது. நம் வீட்டில் இதைச் செய்யக் காசும் வேண்டாம், தனிச் சட்டியும் வேண்டாம். முதலில் எல்லாருக்கும் கூட்டையும் பொரியலையும் கிண்ணத்தில் வையுங்கள். சோற்றுப் பாத்திரம் பத்து நிமிடம் கழித்து வரட்டும். பசியின் வேகம் காயில் அடங்கிவிட்டால் சோறு வாங்குவது தானாகவே ஒரு தரமாகக் குறையும். பெரியவர்களுக்கு இது முதலில் ஒப்பாது. "என்னய்யா, ஒரு வாய் சோறுகூட வைக்காம எந்திரிக்கிற?" என்று தாய் மகனைக் கேட்கும்போது அதில் அன்பு மட்டுமே இருக்கிறது. அந்தத் தாய்க்கு எண்களைச் சொல்லி விளக்க வேண்டாம். அவர் கையாலேயே இன்னொரு கரண்டி கூட்டுப் போடச் சொல்லுங்கள். போடுவதில்தான் அவருக்கு நிறைவு. எதைப் போடுகிறார் என்பது சில வாரங்களில் மாறிவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். "சோறு விஷம்" என்று அப்பா பந்தியில் உட்கார்ந்து சொல்லக் கூடாது. ஓடி விளையாடும் பிள்ளைக்குச் சோறு வேண்டும், இட்லி வேண்டும். அப்பாவுக்கு உடம்பில் சர்க்கரையைச் சமாளிக்க முடியவில்லை, அதனால் குறைவாகப் போட்டுக்கொள்கிறார் என்ற உண்மையைச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்று. முக்கால் கிலோ காயை யார் நறுக்குவது? வாழைப்பூவை யார் ஆய்வது? கொத்தவரங்காயை யார் நாரெடுப்பது? மாவுச்சத்தைக் குறைப்பது என்றால் சமையலறையில் கத்தி வேலையைக் கூட்டுவது என்று பொருள். சோறு வடிக்க ஒரு கை அரிசி கூடப் போட்டால் போதும். காய் அப்படி இல்லை, ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் அரை மணி நேரம் கேட்கும். டயட் ஆணுடையது, கூடுதல் வேலை மனைவியுடையது என்று இருக்கிற வீட்டில் அது நிலைக்காது. நிலைக்கவும் கூடாது என்றே நினைக்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வருகிற ஆண்களிடம் நான் முதலில் கேட்பது, "காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?" என்பதைத்தான். அரை மணி நேரம் முன்னதாக எழுந்து அவரே காய் நறுக்கட்டும். முதல் நாள் ராத்திரியே நறுக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் சரி. தன் உடம்புக்காகத் தானே கத்தி பிடிக்கிறவர் அவ்வளவு எளிதில் டயட்டை விடுவதில்லை.

டயட்டில் இருக்க வேண்டியவர் அந்த வீட்டின் அம்மாவாகவே இருந்தால்? இதுதான் நான் காணும் நிலைகளில் மிகக் கடினமானது. கணவருக்குச் சர்க்கரை என்றால் வீடு மாறுகிறது. மனைவிக்குச் சர்க்கரை என்றால் எதுவும் மாறுவதில்லை. அவர் கடைசியில் சாப்பிடுகிறார். கடைசியில் மிஞ்சுவது எது? கறித்துண்டு மிஞ்சாது, முட்டை மிஞ்சாது, பொரியல் சட்டியில் ஒட்டியிருக்கும். சோறு மிஞ்சும், குழம்பு மிஞ்சும், ராத்திரி என்றால் தோசை மாவு மிஞ்சும். வீணாகக் கூடாதென்று அதை அவர் சாப்பிடுகிறார். ஆக, மிச்சத்தைச் சாப்பிடுகிறவர் மாவுச்சத்தைச் சாப்பிடுகிறவர் ஆகிவிடுகிறார். காலையில் பிள்ளை விட்டுவிட்டுப் போன அரை இட்லியிலிருந்து இது தொடங்குகிறது. அவருடைய சர்க்கரை ஏன் குறையவில்லை என்ற கேள்விக்கு எத்தனை மாத்திரை மாற்றினாலும் விடை கிடைக்காது.

அம்மாக்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அரிசி சேருமுன் எடுத்து வைக்கச் சொன்னேனே, அந்தப் பங்கு உங்களுடையது என்றால் அதை முதலில் எடுத்து மூடி வையுங்கள். இரண்டு முட்டை உங்களுக்கு என்றால் அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். அந்த மூடிய கிண்ணத்தைத் திறந்து, "இது யாருக்கு?" என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளாதீர்கள். மிச்சச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் பிள்ளைகளுக்கு ஆகும். அதைவிட, ஒரு வாரம் அளந்து வடியுங்கள். எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிந்துவிட்டால் அவ்வளவு அரிசியைக் குறைத்துப் போடலாம்.

கடைசியாகப் பணம். இதைப் பேசாமல் டயட்டைப் பற்றிப் பேசுவது நேர்மை ஆகாது. நம் மாநிலத்தில் 2011 முதல் அரிசி அட்டைக்கு ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பல வீடுகளைப் பட்டினியிலிருந்து காத்த திட்டம் அது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் மாவுச்சத்து இலவசம், புரதத்துக்கு விலை என்ற நிலையில் ஒரு தினக்கூலித் தொழிலாளியிடம் பனீரும் பாதாமும் எழுதிக் கொடுப்பதில் பொருளில்லை. அவருக்கான பட்டியல் வேறு. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு அதில் முதலில் வரும். பிறகு வேர்க்கடலை. முருங்கைக்கீரை பெரும்பாலும் தெருவிலேயே கிடைக்கும். பருவத்தில் மலிந்த காய்களுக்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999-இல் அது முதன்முதலில் திறந்ததே நம் மதுரையில்தான். மதியத்துக்குச் சற்று முன்பு போனால் விலை இன்னும் இறங்கியிருக்கும். மத்தியும் நெத்திலியும் வஞ்சிரத்துக்குக் குறைந்த சத்துள்ளவை அல்ல. முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். காசுக்கு அதைவிட நல்ல வாங்கல் எனக்குத் தெரியவில்லை.

அப்படியும் வாரத்துக்குப் பத்து முட்டைதான் வாங்க முடியும் என்ற வீடுகள் இருக்கின்றன. அங்கே பிள்ளையின் முட்டையை எடுத்து அப்பாவின் தட்டில் வைக்கும்படி நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அந்த வீட்டில் சோற்றைப் பாதியாக்கி, கீரையும் பருப்பும் கடலையும் கூட்டி, தேநீரில் சர்க்கரையை நிறுத்தி, மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையைப் பார்ப்போம். 130 கிராமுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. மாவுச்சத்து 300 கிராமிலிருந்து 200 கிராமுக்கு வந்தாலே அந்த உடம்பு அதை உணரும். எவ்வளவு குறைப்பது என்று எழுதும் முன் மாத வரவு என்ன, வீட்டில் எத்தனை பேர், யார் சமைக்கிறார்கள் என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டுதான் நான் பேனாவை எடுக்கிறேன்.